டாலர் குறி இருந்த இடத்தில்

எனக்குக் கம்ப்யூட்டர் திரை தெளிவாக இருந்தால்தான் வேலை ஓடும், ஐயா. பழவேற்காட்டுப் புயல் எச்சரிக்கை நிலையத்துக்கு 1987இல் யூனிக்ஸ் கம்ப்யூட்டர் வந்தபோது, கட்டளை அடிக்கும் இடத்தில் வெறும் டாலர் குறிதான் இருந்தது. அடிக்கிற செய்தி மீனவ கிராமங்களின் அச்சுப்பொறிகளுக்குப் போகுமா, பயிற்சிக்காகத் திரையோடு நிற்குமா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தக் குறிக்குப் பதில் 'லைவ்' அல்லது 'டெஸ்ட்' என்று தானாக மாறிக் காட்டும்படி செய்தேன். வெளியிலிருந்து எந்தப் புரோகிராமும் வேண்டியிருக்கவில்லை. கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் ஷெல்லுக்குள்ளேயே, அந்தக் குறி எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் பி.எஸ்.ஒன் இருக்கிறது; அதில் நான்கு வரிகள், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

உடன் வேலை பார்த்த ஜானுக்கு மட்டும் காட்டினேன். பெருநாளன்று என் வீட்டில் சாப்பிடுகிறவன். அதைத் தன் வேலை என்று அதிகாரி ஆதிகேசவனிடம் காட்டி, மேற்பார்வையாளர் ஆகிவிட்டான்.

ஜானிடமே கேட்டேன். "நாலு வரி தானே இனாயத் பாய்? இதுக்கா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற?" என்றான்.

நான் சண்டை போடவில்லை. அவன் லாகினில் ஒரு வரியை மட்டும் மாற்றினேன். டெஸ்டில் இருந்தாலும் அவனுக்கு 'லைவ்' என்றே காட்டும். வெள்ளிக்கிழமை ஒத்திகையில் அவன் அனுப்பும் செய்தி கிராமங்களுக்குப் போகாமல், அதிகாரி முன்னால் அவன் தலைகுனிய வேண்டும், அதற்குத்தான்.

புதன்கிழமையே நிஜப் புயல் கிளம்பியது; கம்ப்யூட்டர் அப்போது டெஸ்டில்தான் இருந்தது. மதியம் பன்னிரண்டுக்குத் தகவல் கிடைத்ததும் ஜான் எச்சரிக்கையை அடித்தான். திரையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"போயிடுச்சில்ல பாய்?"

"போயிடுச்சி" என்றேன்.

படகுகள் இரண்டு மணிக்குத்தான் கிளம்பும். தொலைபேசி என் மேசைமேல் இருந்தது. நான் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன். மாலையில் அந்த வரியைப் பழையபடி மாற்றினேன்.

ஒன்பது பேர் திரும்பவில்லை. அவர்களில் ஒருவரான வடிவேலுவின் மனைவி செல்வம்மாள் அலுவலக வாசலில் நின்று, "ஒரு வார்த்த சொல்லியிருந்தா போயிருக்க மாட்டாரே" என்று ஜானைப் பார்த்துத்தான் அழுதாள். விசாரணையில் அவன் 'லைவ்' என்று பார்த்ததாகச் சத்தியம் செய்தான். யாரும் நம்பவில்லை. நானும் நம்பாதவன் போலவே உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு வேலை போயிற்று.

செய்தது நான்தான், ஐயா. ஆனால் அந்த நான்கு வரிகள் என்னுடையவை என்று ஜான் இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.