பதினோராவது பாடத்தோட நின்னுக்கறேன்

இல்ல டீச்சர், உங்க மேல ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் முடியல. இந்தப் பதினோராவது பாடத்தோட நின்னுக்கறேன். சொல்லாம நின்னா நல்லா இருக்காதேன்னுதான், மத்தவங்க எல்லாம் போகட்டும்னு உக்காந்திருந்தேன்.

கஷ்டமான்னா, மத்த பிள்ளைங்க அளவுக்கு இல்ல. அதுங்க இங்கிலீஷ்லயே நெனைக்கிறதுங்க. இது வீடுன்னு நீங்க ரஷ்யன்ல சொன்னா, இங்கிலீஷ்ல நடுவுல வர்ற ‘இஸ்’ எங்க போச்சுன்னு முழிக்குதுங்க. நமக்கு எதுக்கு இஸ்? வீடு, வீட்டுக்கு, வீட்டுலேர்ந்துன்னு வார்த்தையோட வாலு மாறுறது நமக்குப் புதுசா? எங்கிட்ட பேனா இருக்குன்னு நாம எப்படிச் சொல்றோமோ, அவங்களும் அப்படியேதான் சொல்றாங்க. அன்னிக்கு ஒரு நாள் எனக்குக் கொஞ்சம் கர்வமாக்கூட இருந்துச்சு.

என் வீட்டுக்காரரும் அந்தப் பிள்ளைங்க மாதிரிதான். கணக்குப் போடறதுகூட இங்கிலீஷ்லதான். மெஷினோட வர்ற புத்தகங்கள ரஷ்யன்லேர்ந்து இங்கிலீஷுக்கு மாத்துற வேலை. நாப்பது வயசுக்கு மேல உக்காந்து கத்துக்கிட்டாரு. அப்புறம் ஜெர்மன், பிரெஞ்சு. பாத்ரூம் கதவுலகூட வார்த்தை எழுதி ஒட்டி வச்சிருப்பாரு. எங்கிட்ட மட்டும் சுருக்கமாத் தமிழ். சாப்பாடு, சட்டை, சாவி, அவ்வளவுதான்.

போன வருஷம் தலையில ரத்தம் கட்டிப் படுத்தாரு. எந்திரிச்சப்ப தமிழ் போயிருச்சு, இங்கிலீஷும் போயிருச்சு. ரஷ்யன் மட்டும் ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. டாக்டரைக் கேட்டா, சில பேருக்கு இப்படியும் ஆகும்மா, ஏன்னு சொல்ல முடியாதுன்னுட்டாரு.

ஃபோன்ல பேச வச்சு தமிழாக்கிப் பாக்கறதா? அதுவும் பாத்தாச்சு. வாய் ஒரு பக்கம் கோணிப் போச்சில்ல, பேச்சு குழறும். ஃபோனுக்கு ஒண்ணும் புரியல.

தெனமும் காலையில முகம் தொடைச்சு விடறப்ப ஒண்ணு கேப்பாரு. கேள்விங்கறது மட்டும் மூஞ்சியில தெரியும். தண்ணி கேக்கறாரோ, என்னையத்தான் திட்டுறாரோ, யாரு கண்டா? நானும் சரி சரின்னு தலையாட்டி வைப்பேன். அது என்னன்னு தெரிஞ்சுக்கத்தான் நாத்தனாரை அவர்கிட்ட உக்கார வச்சுட்டு இங்க வந்து சேந்தேன்.

செவ்வாக்கெழம குடும்பம் பாடம் எடுத்தீங்கல்ல. அம்மா, அப்பா, மனைவி. மறுநாள் காலையில அவர் கேட்டப்ப அந்த வார்த்தை டக்குனு காதுல விழுந்துச்சு. எப்பங்கற வார்த்தை ஏற்கெனவே தெரியும். மறுபடி கேக்க வச்சேன். சந்தேகமே இல்ல.

என் பொண்டாட்டி எப்ப வருவான்னு கேக்கறாரு டீச்சர். எங்கிட்ட.

ஐயோ, நீங்க எதுக்குக் கண்ணத் தொடைக்கறீங்க? எனக்கு அழுகையெல்லாம் வரல. அசதிதான். முப்பத்தோரு வருஷத்துல அவர் என்னையத் தேடினதே இப்பத்தான்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் எழுதிக் குடுங்க, போதும். இதோ இப்ப வந்துருவா. இத எப்படிச் சொல்றது?

அப்படியா? நடந்து வந்தா ஒரு வார்த்தை, வண்டியில வந்தா ஒரு வார்த்தையா?

நடந்து வர்ற வார்த்தையவே போடுங்க. அடுப்படியிலேர்ந்துதானே வரணும்.