தம்பியின் பாதி நிலம்

மணத்தக்காளிக் கீரையை வெயில் ஏறுமுன் பறித்துவிட வேண்டும், ஐயா. இல்லாவிட்டால் பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் துவண்டுவிடும். தூத்துக்குடியில் ஒரு பெண்பிள்ளைகள் விடுதியில் மதியச் சோற்றுக்கு எங்கள் கோரம்பள்ளம் தோட்டத்துக் கீரைதான். சுற்றியிருந்த வயல்களெல்லாம் துறைமுகச் சரக்குக்குக் கிடங்குகளாகிவிட்டன. பச்சையாக மிஞ்சியது எங்கள் தோட்டம் மட்டும்.

அதில் பாதி என் பெயரில். கிணறு இருக்கும் பாதி தம்பி கிருபாநிதி பெயரில். மஸ்கட்டிலிருந்து வந்தவன், தன் பாதியைக் கிடங்குக்காரர்களுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னான். கிணறு போனால் என் பாதியும் கருகிவிடுமே என்றேன்.

"லாரித் தண்ணி வாங்கிக்கயேன், சுதாக்கா" என்றான். கெட்டவன் இல்லை. சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காதவன்.

அன்று காலை மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. குழாயின் அடியில் சருகு அடைத்திருந்தது. படிகள் இடிந்துபோன கிணறு. வேப்பமரத்தில் கயிற்றைக் கட்டி அவனே இறங்கினான். கேட்காமலே உதவி செய்கிற குணம் அவனுக்கு. கயிற்றை விட்டு அவன் முங்கியதும், அதை மேலே இழுத்து அவிழ்த்துவிட்டேன்.

தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி, "யக்கா, கயிறு எங்க?" என்றான்.

"விக்க மாட்டேன்னு சொல்லு."

முதலில் சிரித்தான். பிறகு, "விக்கல, யக்கா. பிள்ளைங்க மேல சத்தியமா விக்கல. கயித்தப் போடு" என்றான்.

நான் அதை நிதானமாகவே யோசித்துப் பார்த்தேன். பயத்தில் சொல்லுகிற வார்த்தை மேலே ஏறியதும் நிற்குமா, நீங்களே சொல்லுங்கள். அதனால் கீரை பறிக்கப் போனேன். அவனுக்கு நீந்தத் தெரியும், மூழ்கச் சற்று நேரமாயிற்று. கூப்பிட்டுக்கொண்டேயிருந்தான். கட்டுக் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது சத்தம் இல்லை.

அடைப்பை எடுத்துவிட்டுத்தான் போயிருந்தான். மோட்டாரைப் போட்டேன், நன்றாகவே இழுத்தது. பாத்திகளுக்கெல்லாம் பாய்ச்சிய பிறகே அக்கம்பக்கத்தில் சொன்னேன். கால் வழுக்கியிருக்கும் என்று எல்லாரும் அழுதார்கள். கயிற்றைப் பற்றி நீங்கள்தான் கேட்டீர்கள். ஆமாம், நான்தான் அவிழ்த்தேன்.

இப்போது அவன் பாதி அவன் மனைவி கிரேசிக்குப் போகும். அவளும் விற்கத்தான் போகிறாளாம். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை. தோட்டத்தை அவள் நின்று பார்த்ததேயில்லை. என்னை ஒரு தடவை மட்டும் வெளியே விடுங்கள், ஐயா. அவளைத் தனியாக அங்கே வரச் சொல்லுங்கள். நான் எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வாள்.