ஏழாம் நம்பர் கொக்கு

ஓர் ஓவியரிடம் வாங்கிய கொக்குப் படத்தை, அவரைக் கேட்காமல் நகலெடுத்து, பேத்தி கல்யாணத்தில் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுத்தேன். பிறகொரு நாள் ஒரத்தநாடு பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அவரும் தோழியும்.

“என் ஏழாம் நம்பர் கொக்கு வீடு வீடா குஞ்சு பொரிக்குதுடி.”

“சிரிக்கிறியா, அழுவுறியா?”

“பயமா இருக்கு. அம்பது பிரிண்ட்தான்னு சொல்லி, பென்சில்ல நம்பர் போட்டு வித்தேன். இப்ப போற வீட்டுலல்லாம் ஏழாம் நம்பர் தொங்குதாம். ஏமாத்துக்காரின்னு பேராயிட்டா இனி யாருடி வாங்குவா?”

வீடு வந்ததும் உண்மையை எழுதி, நான் வாங்கிய ஏழாம் நம்பர் அசலையும் சேர்த்து அவருக்கு அனுப்பினேன். உறவினரிடம் நகல்களைக் கேட்டேன். “தாம்பூலத்தைத் திருப்பிக் கேக்குறீங்களே, பெரியப்பா!” என்று சிரித்தார்கள், ஒன்றும் வரவில்லை.

ஓவியரின் பதில் வந்தது: “அசலைக் கிழித்துவிட்டேன், ஐயா. இனி ஏழாம் எண் எங்கே தொங்கினாலும் போலிதான் என்று படம் வாங்கிய எல்லோருக்கும் எழுதிவிட்டேன்.”