பன்னிரண்டாவது அங்குலம்

குளிர் கூடும்போது எஞ்சின் அதிகம் சூடாகும். கேட்பவர்கள் முதலில் நம்பமாட்டார்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதற்கேற்ப பெற்றோலைக் கூட்டாவிட்டால் பிஸ்டன் உருகிவிடும். அதனால்தான் வேகத்துக்காக மாற்றியமைத்த ஸ்நோமொபீல் என்ற பனி வண்டிகளில் புகைக்குழாயைத் துளைத்து ஒரு வெப்ப உணரியைப் பொருத்துகிறோம். ஓட்டுபவர் கைப்பிடிக்கு முன்னால் உள்ள மானியைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

கிறகரியின் எஞ்சினை, புவாண்ட்-கிளேரில் உள்ள என் கராச்சில் நான்தான் மாற்றியமைத்தேன். அவர் என் மகள் றோசலினை மணப்பதாக இருந்தது. சித்திரையில் கல்யாணம், வைகாசியில் இருவரும், விமானத்தில் நாலைந்து மணி நேரம் போகவேண்டிய கல்கரிக்குப் போய்விடுவார்கள். மனைவி திரேசம்மா இறந்த பிறகு எங்கள் இல்-பிசார் வீட்டில், மேல்மாடியில் றோசலின் நடக்கும் சத்தம் மட்டும்தான் மிச்சம். நாங்கள் அதிகம் பேசுவதில்லை. ஆனாலும் ஒருவர் இருக்கும் வீட்டின் மௌனம் வேறு.

போகவேண்டாம் என்று இரண்டு முறை கேட்டேன். "கல்கரி என்னப்பா, சந்திரனிலயோ இருக்கு?" என்று சிரித்தாள்.

உணரி பிஸ்டனிலிருந்து நான்கு அங்குலத்தில் இருக்கவேண்டும். நான் பன்னிரண்டில் துளைத்தேன். புகை அங்கே வரும்போது ஆறியிருக்கும், மானி குறைவாகக் காட்டும். அதை நம்பி ஓட்டுபவர் பெற்றோலை இன்னும் குறைப்பார்; பெற்றோல் குறையக் குறைய, பிஸ்டன் உருகும்வரை, வேகம் கூடும்.

கிறகரி கவனித்தார்.

"மாமா, ஓட்டை கொஞ்சம் தள்ளிப்போச்சுதோ?"

"தம்பி, முப்பது வருசமா இந்த வேலைதான் செய்யிறன். நீர் எனக்குப் படிப்பிக்கப் போறீரோ?"

"ஐயோ மாமா, மகளையும் தந்து எஞ்சினும் செய்து தாறீங்கள். நான் வாய் திறப்பனே?"

அளவுகோல் அவர் கையில்தான் இருந்தது. மாமனாரின் வேலையை அளந்து பார்ப்பது மரியாதையில்லை என்று அதை மேசையில் வைத்துவிட்டார்.

நான் நினைத்தது இவ்வளவுதான். எஞ்சின் உருகும். அதைத் திருத்தி முடிக்கும்வரை கிறகரி எங்கும் போகமாட்டார். அந்த வண்டியை விட்டுவிட்டுப் போகக்கூடியவர் அல்ல அவர்.

முழு வேகத்தில்தான் பிஸ்டன் உருகும். கிறகரி முழு வேகத்தில் போவது ஓரிடத்தில் மட்டும். உறைந்த ஏரியின் முனையில் நீரோட்டத்தால் பனிக்கட்டி மெலிந்த இடம் அது. வேகமாகப் போனால் தாண்டிவிடலாம், நின்றால் தாங்காது. சனிக்கிழமைகளில் கரையில் நின்று பார்த்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமையும் நின்றேன். பாதியில் சத்தம் நின்றது. பிறகு ஏரி அமைதியாக இருந்தது.

றோசலின் இப்போது கல்கரிக்குப் போகவில்லை. மேல்மாடியில்தான் இருக்கிறாள். மூன்று கிழமையாக நடக்கும் சத்தமே இல்லை.

துளையைத் தெரிந்தேதான் தள்ளிப் போட்டேன், இன்ஸ்பெக்டர் ஐயா. எஞ்சினை நிறுத்துவது மட்டுமே என் நோக்கம். வழக்கமாக அவருக்குப் பின்னால் ஏறிப் போகும் மகளின் பனிச் சப்பாத்துகளை அன்று காலை ஏன் ஒளித்துவைத்தேன் என்று கேட்கிறீர்கள். அன்று குளிர் அதிகம். பிள்ளைக்குத் தடிமன் பிடித்துவிடும் என்று எந்தத் தகப்பனும் பயப்படுவான்.