ஏர் இருக்கு, ஏர் இருக்கு!

நான் எப்போது முடிப்பேனோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் தலைவர், பணிமனை மேலாளர் அவர்களே! புகையோடும் புழுதியோடும் பொழுதெல்லாம் போராடும் பெரியோர்களே! வண்டி திரும்பும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! ஓட்டுநர்களே, நடத்துநர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முன்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்; அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரேக்கில் ஏர், அதாவது காற்று, இருந்தால் வண்டி நிற்கும். டீசல் குழாயில் ஏர் புகுந்தால் வண்டி சாகும். ஓரிடத்தில் காவல், இன்னோரிடத்தில் காலன்! இரண்டுக்கும் நாம் வைத்த பெயர் என்ன? ஒரே பெயர்தானே!

போன மாதம், மலைப்பாதை ஏற்றம். என் பழைய வண்டி முதலில் இழுவை இழந்தது, பிறகு இருமியது, வளைவில் அடங்கிவிட்டது. பின்னால் பள்ளம். உள்ளே வண்டி நிறைய ஜனம். இறக்கிவிட்டிருக்கலாமே என்கிறீர்களா ஐயா? படிக்கட்டுப் பக்கமும் பள்ளம்தான். கால் வைக்க இடமில்லை.

நடத்துநர் வேறு யாருமில்லை, என் தங்கையின் கணவர். மாப்பிள்ளை என் பக்கத்துச் சின்னக் கதவு வழியாகக் குதித்துப் போய், வண்டி உருளாமல் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். வண்டியில் வந்த நம் மெக்கானிக் அண்ணன் எஞ்சினைத் திறந்தார். டீசல் இருக்கிறது, ஃபில்டர் சுத்தம், எங்கும் ஒழுகல் இல்லை.

"ஒழுகுனா கண்ணுக்குத் தெரியும். இது காத்தை உள்ள உறிஞ்சுது" என்றார்.

குழாய் மூட்டில் தேய்ந்துபோன வாஷரை மாற்றினார். காற்றை வெளியேற்றக் கைப்பம்பை அடித்தார். நுரைநுரையாக வந்தது டீசல். கைபிரேக் அந்த ஏற்றத்தில் தாங்காது; மறுபடி ஸ்டார்ட் பண்ண நான் கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மிதித்தபடி இருக்கிறேன். எஞ்சின் ஓடாததால் பிரேக் ஏரைக் காட்டும் முள் இறங்குகிறது, இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது!

பின்னாலிருந்து மாப்பிள்ளை கேட்டார்: "அண்ணே, ஏர் இருக்கா?"

பம்பை விட்டுத் தலை நிமிராமல் மெக்கானிக் சொன்னார்: "இருக்கு, இருக்கு. நிறைய இருக்கு."

கேட்டவர் கேட்டது பிரேக்கை. சொன்னவர் சொன்னது டீசலை. பிரேக் பிடிக்கும் என்று நம்பி, நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை கட்டையை உருவிவிட்டார்.

வண்டி பின்னால் நகர்ந்தது. மிதித்தேன், பிடிக்கவில்லை. உள்ளே குழந்தைகள் வீறிட்டன. கிளட்சை மிதித்து முதல் கியரில் தள்ளி, கிளட்சை விட்டேன். ஒரே குலுக்கல். நின்றது. கண்ணாடியில் பார்க்கிறேன், மாப்பிள்ளையைக் காணோம்!

தாய்மார்களே! தங்கைக்கு என்ன சொல்வேன்? எந்த முகத்தோடு அந்த வாசலில் போய் நிற்பேன்? மெக்கானிக் ஓடினார். கட்டையைத் திரும்பக் கொடுக்கப் பாய்ந்து விழுந்த மாப்பிள்ளை, கட்டையைக் கட்டிக்கொண்டு உயிரோடு கிடந்தார். அவர் சட்டையின் நுனி சக்கரத்துக்கு அடியில் இருந்தது.

தோழர்களே, ஒரு சொல்லை மிச்சம் பிடித்து ஓர் உயிரைச் செலவழிக்கலாமா? இனி வெறும் ஏர் என்று எவரும் சொல்லக் கூடாது. டீசல் ஏர் என்று சொல்லுங்கள். பிரேக் ஏர் என்று சொல்லுங்கள். முழுசாகக் கேளுங்கள், முழுசாகச் சொல்லுங்கள், முழுசாக வீடு வந்து சேருங்கள்!

அன்று மாலை, கிழிந்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் தங்கை கேட்டாள்: "ஏண்ணே, நீங்க மூணு பேரும் ஒரே பாஷைதானே பேசுறீங்க?"

 உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால், அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், அவளிடமே சொல்லுங்கள். பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன், வணக்கம்.