பிரார்த்தனைக் கூடத்து மருந்து அலமாரி

எதையும் அதனதன் இடத்தில் வைத்துத்தான் எனக்குப் பழக்கம், ஐயா. எங்கள் முதியோர் இல்லத்தை நடத்துவது மதச் சபை. சோறும் மருந்தும் அரசாங்கம் தருவது. நான் மேற்பார்வையாளர். பிரார்த்தனைக்கு யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது அரசாங்க விதி. நான் ஒரு வார்த்தை அதட்டியதில்லை. மருந்து அலமாரியைப் பிரார்த்தனைக் கூடத்துக்கு மாற்றினேன், அவ்வளவுதான். காலைப் பிரார்த்தனை முடிந்ததும் திறப்பேன், உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொடுப்பேன்.

தையல்காரம்மா மட்டும் வரமாட்டாள். ஒரு காலத்தில் ஊருக்கே துணி தைத்தவள், ஆஸ்துமாக்காரி, வாய் ஜாஸ்தி.

"சாமி கும்பிட்டாத்தான் மூச்சு விடணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? மருந்து கவர்மென்ட் குடுக்குறது. நீங்க குடுக்கல."

மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பயமாக இருந்தது. ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்குக் கூடமே காலி. சபை என்னை வெளியே அனுப்பிவிடும். எனக்கும் போக்கிடம் கிடையாது, ஐயா.

அவளுடைய மூச்சுப் பம்ப் தீர்ந்தது. புதியது அலமாரியில் இருந்தது. மூன்று நாள் வீம்பு பிடித்தாள். நான்காம் நாள் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மறைப்பானேன், எனக்கு மனசு குளிர்ந்தது.

பாதிப் பிரார்த்தனையில் சமையல்காரப் பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, உதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. சாவியக் குடுங்கக்கா, உங்க கால்ல விழறேன்."

"முடியட்டும்மா. இன்னும் ரெண்டே பாட்டு."

தையல்காரம்மா மூச்சு இழுக்கும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டைத்தான் உரக்கப் பாடினார்கள். இரண்டாம் பாட்டின் நடுவில் அந்தச் சத்தம் நின்றது. ஆனாலும் பாட்டை முடித்துவிட்டுத்தான் சாவியை எடுத்தேன். பாதியில் நிறுத்தியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அது எனக்கு அப்போதே தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்.

இதையும் எழுதுங்கள். மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே எல்லோரும் வந்துவிட்டார்கள். படுக்கையில் கிடந்தவரைக்கூட இரண்டு பேர் தாங்கி வந்தார்கள். தலை நிமிராமல், குரல் நடுங்க நடுங்கப் பாடினார்கள். அப்படியொரு பக்தியை அந்தக் கூடத்தில் நான் பார்த்ததே இல்லை, ஐயா.