மிஷின் மேல் பழி வேண்டாம்

நீங்கள் எழுதி வைத்திருக்கும் காகிதத்தில் ஒரே ஒரு வரிதான் தப்பு, சார். 'இயந்திரக் கோளாறால் நேர்ந்த விபத்து' என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். திங்கட்கிழமை காலை மரம் அறுக்கிற அந்த பேண்ட்சா மிஷினில் எந்தக் கோளாறும் இல்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தப் பட்டறையிலும் அன்றைக்கு அவ்வளவு நேராக அறுத்த சின்ன மிஷின் இருந்திருக்காது. ஏனென்றால் அதைச் சரி செய்தவன் நான். பெயர் வால்டர், வயது ஐம்பத்து மூன்று. அமீர் பாயின் கேரம் போர்டு பட்டறையில் பத்தொன்பது வருஷமாக மேஸ்திரி.

அமீர் பாயைக் கூட்டி வந்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். மனிதருக்குச் சர்க்கரை, வேளைக்குச் சாப்பிட வேண்டும். கெட்ட மிஷினை வைத்து வேலை வாங்கினார் என்று அவர் மேல் கேஸ் எழுதுவது நியாயம் இல்லை. மிஷினுக்கும் நியாயம் இல்லை.

சின்ன பேண்ட்சா நேராக அறுக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். சோம்பேறிப் பேச்சு. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி வளையமாக ஓடும் ஒரு ப்ளேடு. அவ்வளவுதான் அது. ஒரு பக்கத்துப் பல் மழுங்கினால் ப்ளேடு மறுபக்கம் இழுக்கும். ஐந்து மாதத்துக்கு முன்னால் பழைய மரம் ஒன்றில் ஆணி இருந்தது தெரியாமல் அறுத்ததில் எங்கள் ப்ளேடுக்கு வலப்பக்கத்துப் பல் எல்லாம் போனது. அன்றிலிருந்து இடது பக்கம் இழுத்தது. புதுசு மாற்றலாம் என்றேன். தௌசீஃப்தான் தடுத்தான். "இன்னாத்துக்கு மாமு? எனக்கு இத்தோட கை பயகிப்போச்சு" என்றான்.

தௌசீஃபை நீங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பீர்கள். இருபத்து நாலு வயது. போர்டைச் சுற்றி அடிக்கும் சட்டங்களை அறுப்பது அவன் வேலை. அந்த இழுக்கிற ப்ளேடோடு ஐந்து மாதம் குடித்தனம் நடத்தினான். மிஷின் மேடையில் அந்த இழுப்புக்கு ஏற்றபடி ஒரு கட்டையைச் சாய்வாக வைத்து க்ளாம்ப் போட்டு இறுக்கி, மரத்தை அதில் ஒட்டி, வலது உள்ளங்கையால் பின்னாலிருந்து முழு பலத்தோடு தள்ளுவான். ஆட்காட்டி விரல் மரத்தின் மேல் நீட்டியபடி இருக்கும். மழுங்கிய ப்ளேடு என்பதால் மரம் மெதுவாகத்தான் நகரும், கடைசியில் கையை எடுக்க வேண்டிய நேரம் கிடைக்கும். குச்சியால் தள்ளு என்று நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். கேட்க மாட்டான். முந்தின நாள் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே, ப்ளேடைப் பார்க்காமலே அறுப்பான்.

ஆட்டம் என்றால் கேரம். எங்கள் பக்கத்தில் அது பொழுதுபோக்கு இல்லை, சார், ஒரு பிள்ளை முன்னுக்கு வருகிற வழி. வருஷத்துக்கு ஒருவரை மாநில ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுப்பார்கள். அங்கே நன்றாக ஆடினால் விளையாட்டுக் கோட்டாவில் சர்க்கார் வேலைக்கு மனுப் போடலாம். என் மகன் சாவியோவும் தௌசீஃபும் ஒரே தெரு, ஒரே கிளப், ஒரே தட்டில் சாப்பிடுகிற தோஸ்துகள். இரண்டு வருஷமாகத் தேர்வின் கடைசி ஆட்டத்தில் சாவியோ அவனிடம் தோற்கிறான். அப்படி ஜெயித்துப் போன தௌசீஃப் இரண்டு தடவையும் மாநில ஆட்டத்தின் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினான். அந்த இடம் யாருக்கும் பயன்படாமல் போனது. இந்த வருஷத்தோடு சாவியோவுக்கு வயது வரம்பு முடிகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தேர்வு.

எனக்குத் தௌசீஃப் மேல் கோபம் கிடையாது, பிடிக்கும். பட்டறையில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான்.

போன சனிக்கிழமை சாயங்காலம் சாவியோ வீட்டில் போர்டுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தான். எப்படி இருக்கிறது ஆட்டம் என்று கேட்டேன். "இந்த தபாவும் தௌசீஃப்தான் நைனா. அவன் விரல்ல இன்னா கீதோ தெரியல, காய் தானா போய் விழுது" என்றான். அப்போ நீ என்றேன். "நான் எங்கனா டெலிவரி வேலைக்குப் போய்க்கிறேன், வுடு." சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. தோற்பதில் வருத்தமே இல்லாத பிள்ளையைப் பெற்றவனுக்குத்தான் அது புரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பட்டறைக்குப் போனேன். சாவி என்னிடம்தான் இருக்கும். புது ப்ளேடு மாட்டினேன். மேல் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி, ப்ளேடு நடுவில் ஓடும்படி திருகைத் திருப்பினேன். பக்கவாட்டில் விரலால் அழுத்தினால் கால் அங்குலம்தான் கொடுக்க வேண்டும், அந்த அளவுக்கு இறுக்கினேன். ப்ளேடை இரண்டு பக்கமும் தாங்குகிற கட்டைகளுக்கு ஒரு காகிதம் நுழைகிற இடைவெளி விட்டேன். மூலமட்டம் வைத்து மேடையின் கோணத்தைச் சரி பார்த்தேன். பிறகு ஒரு துண்டு மரத்தில் கோடு போட்டு அறுத்துப் பார்த்தேன். தள்ளவே வேண்டாம், இரண்டு விரலால் தொட்டாலே மரம் தானாகப் போனது. கோட்டை விட்டு ஒரு மயிரிழை விலகவில்லை. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

இதுவரைக்கும் எதிலும் குற்றம் இல்லை. ரிப்பேர் செய்வது மேஸ்திரியின் வேலை.

அதன் பிறகு இரண்டு சின்ன வேலைகள் செய்தேன். தௌசீஃப் சாய்வாக வைத்திருந்த கட்டையை, க்ளாம்ப் தழும்பு பார்த்து, பழைய இடத்திலேயே பழைய சாய்வில் மாட்டினேன். ப்ளேடு நேராக ஓடும்போது கட்டை சாய்வாக இருந்தால் மரம் நடுவில் இறுகும். இறுகினால் அவன் இன்னும் பலமாக அழுத்துவான். புது ப்ளேடு சட்டென்று அறுத்துவிடும், மரத்தோடு கையும் முன்னால் பாயும். இரண்டாவது, புது ப்ளேடு பளபளவென்று இருந்தது. பழைய கிரீஸில் மரத்தூளைக் குழைத்து அதன் மேல் தடவினேன். பார்ப்பதற்குப் பழைய ப்ளேடு மாதிரியே ஆகிவிட்டது. துருப் பிடிக்காமல் இருப்பதற்காக என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். தௌசீஃப் வந்ததும் தரையைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமு, நேத்து வந்து பெருக்குனியா? சுத்தமா கீது" என்றான். "ஒரே கலீஜா கெடந்துச்சு" என்றேன். அது பொய் இல்லை.

முதல் மரத்திலேயே நடந்தது. பாதி தூரம் போய் மரம் இறுகியது. அவன் உடம்பை முன்னால் சாய்த்து அழுத்தினான். பெரிய சத்தம் எதுவும் இல்லை. "மாமு" என்றான், ஏதோ எடுத்துத் தரச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி. நான் பின்னாலேயே டவலோடு நின்றிருந்தேன். காலை ஒன்பது மணிக்கு மேஸ்திரி கையில் துவைத்த டவல் எதற்கு என்று நீங்கள் யாருமே கேட்கவில்லை. இறுகக் கட்டி, கையை உயரத் தூக்கிப் பிடித்து, அமீர் பாயோடு ஆட்டோவில் ஏற்றினேன். கட்டியவன் விவரம் தெரிந்தவன் என்று டாக்டர் சொன்னாராம்.

மிஷினை அணைக்க நான் மட்டும் உள்ளே போனேன். வலது ஆட்காட்டி விரல். மேடைக்குக் கீழே மரத்தூளில் கிடந்தது. எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தேன். அந்த நிமிஷம் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் எடுத்தேன் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரத்தில் அமீர் பாய் போன் செய்தார். "வால்டரு, அந்த விரலு எங்க கீதுன்னு பாரு. ஆறு மணி நேரத்துக்குள்ள கொணாந்தா தச்சுடலாம்னு டாக்டர் சொல்றாரு."

அதற்குள் சாவியோ விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்துவிட்டான். மண்டி போட்டு மரத்தூளை இரண்டு கையாலும் அள்ளிச் சலித்தான். கட்டி வைத்த கோணிகளை எல்லாம் அவிழ்த்துக் கொட்டினான். மூன்று மணி நேரம், சார். கண், மூக்கு எல்லாம் தூள். "நீயும் தேடு நைனா, நைனா நீயும் தேடு" என்று அழுதான். நானும் அவன் பக்கத்தில் மண்டி போட்டுத் தேடினேன். குனியும்போதெல்லாம் சட்டைப் பை முன்னால் தொங்கியது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தேடினேன். கடைசியில், பூனை தூக்கிப் போயிருக்கும் என்று நான்தான் சொன்னேன்.

சாயங்காலம் காசிமேட்டுக் கற்கள் மேல் நின்று அதைக் கடலில் போட்டேன். போடுவதற்கு முன் ஒரு ஜெபம் சொன்னேன். அலட்சியமாக வீசிவிடவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் தௌசீஃபின் அம்மா காத்தூன் பீவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டது. "நீ மட்டும் துணி கட்டலன்னா எம் புள்ள உசுரே பூட்டிருக்கும் அண்ணே. அல்லா உன் புள்ளய நல்லா வைக்கணும்" என்றது. பிறகு மெதுவாக, "இனிமே அவன் ஆடுவானா அண்ணே?" என்று கேட்டது. இடது கையில் பழகலாம் என்றேன். அந்தம்மாவின் முகத்தைப் பார்க்க மட்டும் கஷ்டமாக இருந்தது.

எழுதியதைப் படித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அமீர் பாயை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரே ஒரு உதவி. திங்கட்கிழமையிலிருந்து சாவியோ ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. தௌசீஃபுக்குச் சோறு ஊட்டுகிறான். இனிமேல் போர்டைத் தொட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். ஏதோ துக்கத்தில் பேசுகிறான், இரண்டு நாளில் சரியாகிவிடும். மிஷின் மேல் புகார் எழுதிக் கொடுத்ததே அவன்தான் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணி ஆட்டம் முடிகிற வரைக்கும் நான் சொன்ன எதையும் அவன் காதில் போட்டுவிடாதீர்கள், சார். பிள்ளைக்குக் கை நடுங்கிவிடும்.